நடிப்பு ஆசிரியர் பாத்திரத்தை எழுதுவது எப்படி: ‘ஃபேம்’ தொடரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கலைப் பள்ளி மாணவர்களைப் பற்றித் தொடர் எழுத உட்காரும் எவருக்கும் நடன ஆசிரியர் எளிதாக வந்துவிடுவார். கால் தவறினால் கண்ணுக்குத் தெரியும், சரியானால் அதுவும் தெரியும். இசை ஆசிரியரும் அப்படித்தான்: சுருதி விலகினால் சங்கீதம் தெரியாதவருக்கும் காது சொல்லிவிடும். நடிப்பு ஆசிரியரிடம்தான் பலரும் இடறுகிறார்கள். ஒரு மாணவி முதலில் சுமாராக நடித்தாள், பாடத்துக்குப் பிறகு நன்றாக நடித்தாள் என்பதைத் திரையில் காட்ட, அந்த மாணவியாக நடிப்பவர் முதலில் சுமாராகவும் பிறகு நன்றாகவும் நடிக்க வேண்டும். பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு புரியவும் வேண்டும். இது கடினம் என்பதால் எழுதுபவர்கள் ஆசிரியரைப் பேச வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். கலையைப் பற்றி, உண்மையைப் பற்றி, வாழ்க்கையைப் பற்றி நீண்ட உரைகள் வந்து நிற்கின்றன.

அந்த உரைகள் இல்லாமல் இந்தப் பாத்திரத்தை எழுத முடியும், எழுதவும் வேண்டும் என்பதே என் கட்சி. எடுத்துக்காட்டாக நியூயார்க் கலைப் பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்ட ‘ஃபேம்’ என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைத் தொடர்களின் மூதாதை அது. அதன் பலம், பலவீனம் இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

முதல் படி: மூலத்தைப் பார்ப்பது

1980இல் ஆலன் பார்க்கர் இயக்கத்தில், கிறிஸ்டோபர் கோர் எழுத்தில் ‘ஃபேம்’ திரைப்படமாக வந்தது. 1982 ஜனவரி 7 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடராகத் தொடங்கியது. என்பிசி இரண்டு சீசன்களோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் தொடர் நிற்கவில்லை. தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டு 1987 வரை ஓடியது. மொத்தம் ஆறு சீசன்கள்.

படத்தை முதலில் பாருங்கள், பிறகு தொடரின் முதல் சீசன். படத்தின் நடிப்பு ஆசிரியர் ஃபாரெல், ஜிம் மூடி ஏற்ற வேடம். தொடரில் அந்த இடத்துக்கு மைக்கேல் தோமா நடித்த கிரெகரி கிராண்டல் வருகிறார். டெபி ஆலன், ஆல்பர்ட் ஹேக், லீ கரேரி, ஜீன் ஆன்டனி ரே ஆகிய நால்வரும் படத்திலிருந்து தொடருக்கும் வந்தார்கள். நடிப்பு ஆசிரியர் மட்டும் புதிதாக உருவாக்கப்பட வேண்டியிருந்தது.

பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆசிரியர் மாணவரிடம் என்ன செய்யச் சொல்கிறார்? என்ன விளக்கினார் என்பது வேண்டாம். பணித்ததை மட்டும் எழுதுங்கள். நடன வகுப்பில் அந்தக் குறிப்பு பக்கத்தை நிரப்பும். நடிப்பு வகுப்பில் சில எபிசோட்களில் ஒரு வரிகூடத் தேறாது. அந்த வெற்றிடம்தான் நீங்கள் எழுத்தால் நிரப்ப வேண்டிய இடம்.

லிடியா கிராண்ட் என்ற நடன ஆசிரியர் ஏன் தொடரின் முகமாகவே ஆனார் என்பதையும் கவனியுங்கள். லிடியாவாக நடித்த டெபி ஆலன், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையிலிருந்து வந்தவர். தொடரின் நடன அமைப்பும் அவருடையதே, அதற்காக எம்மி விருதும் பெற்றார். இசை ஆசிரியர் ஷொரோஃப்ஸ்கியாக வந்த ஆல்பர்ட் ஹேக், பிராட்வே இசை நாடகங்களுக்கு இசையமைத்தவர். இருவரும் செய்து காட்ட முடிந்தவர்கள். அவர்களுடைய வசனங்கள் சாதாரணமாக இருந்தபோதும் கைகளும் கால்களும் அவர்களை நம்ப வைத்தன. நடிப்பு ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. அவர் செய்து காட்டினால் மாணவர் அவரைப் போலச் செய்யத் தொடங்கிவிடுவார் என்று நல்ல நடிப்பு ஆசிரியர்கள் பலர் செய்து காட்டுவதையே தவிர்ப்பார்கள். ஆகவே அவருக்கு வேறு கருவி வேண்டும்.

இரண்டாம் படி: அவர் யாரிடம் கற்றவர் என்பதை முடிவு செய்வது

எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கு இதுவே அடித்தளம்.

நியூயார்க்கில் 1980களின் தொடக்கத்தில் நடிப்புக் கற்பித்த ஒருவர் ஏதாவது ஒரு மரபிலிருந்துதான் வந்திருப்பார். 1898இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவியவர்களில் ஒருவரான ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1923இல் தம் குழுவோடு நியூயார்க் வந்தார். அந்த நாடகங்களைப் பார்த்துக் கிளர்ந்தவர்களில் லீ ஸ்ட்ராஸ்பர்க் ஒருவர். 1931இல் அவரும் ஹெரால்ட் கிளர்மனும் செரில் கிராஃபர்டும் சேர்ந்து குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். ஸ்டெல்லா ஆட்லர், சான்ஃபர்ட் மைஸ்னர் இருவரும் அதில் இருந்தார்கள். பிறகு ஸ்ட்ராஸ்பர்க், ஆட்லர், மைஸ்னர் மூவரும் மூன்று திசையில் போனார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க் நடிகரின் சொந்த நினைவைத் தோண்டச் சொன்னார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து உடலைத் தளர்த்த வேண்டும். பிறகு இல்லாத காபிக் கோப்பையின் சூட்டையும் எடையையும் விரல்களால் உணர வேண்டும். அங்கிருந்து பழைய அனுபவங்களின் புலன் நினைவுகளுக்குப் போக வேண்டும். ஆட்லர் 1934இல் பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துப் பயின்று திரும்பி, சொந்த நினைவைவிட நாடகம் தரும் சூழ்நிலையும் கற்பனையுமே முக்கியம் என்று வாதிட்டார். பாத்திரம் எந்த வர்க்கம், எந்தக் காலம், அந்த அறையில் ஏன் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் வழி. மைஸ்னர் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் பள்ளியில் கவனிப்பதைக் கற்பித்தார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் காண்பதைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல, யாரோ ஒருவரின் மனநிலை மாறும்வரை அது தொடரும்.

உங்கள் ஆசிரியர் இவற்றில் எந்த வீட்டுப் பிள்ளை? இதை முடிவு செய்தால் பாதி வசனம் தானாக வந்துவிடும். ஸ்ட்ராஸ்பர்க் வழி வந்தவர், “எப்போது இப்படி உணர்ந்தாய்?” என்று கேட்பார். ஆட்லர் வழி வந்தவர், “இந்த வீட்டில் வேலைக்காரர் உண்டா? சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேட்பார். மைஸ்னர் வழி வந்தவர் ஒன்றும் கேட்கமாட்டார். “அவனைப் பார்” என்பார். ஒரே மாணவி, ஒரே வசனம், மூன்று வெவ்வேறு பாடங்கள்.

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய அடுத்த மாதமே, 1982 பிப்ரவரியில், ஸ்ட்ராஸ்பர்க் காலமானார். அந்த ஆண்டில் அந்த நகரில் நடக்கும் கதையை இன்று எழுதுபவர், அந்தச் செய்தி வந்த காலையில் நடிப்பு ஆசிரியர்கள் அறையில் யார் யாரோடு பேசவில்லை என்பதை வைத்தே ஒரு முழு எபிசோட் எழுதலாம். உங்கள் கதை வேறு நாட்டில் நடந்தால் அந்த ஊரின் நாடக மரபுகளில் இதே போன்ற பிரிவுகளைத் தேடுங்கள்.

மைஸ்னரைப் பற்றி இன்னொன்று. 1970களில் புற்றுநோயால் குரல்வளையை இழந்த பிறகும் அவர் ஒலிவாங்கியின் உதவியோடு தொடர்ந்து கற்பித்தார். ஒவ்வொரு சொல்லும் சிரமப்பட்டு வரும் நிலையிலும் அவரிடம் கற்க இளைஞர்கள் காத்திருந்தார்கள். நடிப்பு ஆசிரியருக்கு நீண்ட உரைகள் தேவை என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் படி: வகுப்பறைக் காட்சியை மூன்று அசைவுகளில் எழுதுவது

முதல் முயற்சி, ஒரு திருத்தம், இரண்டாம் முயற்சி. நடிப்பு வகுப்புக் காட்சி இவ்வளவுதான். திருத்தம் எவ்வளவு சிறியதோ காட்சி அவ்வளவு வலுப்பெறும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகச் செய்து பார்ப்போம். பதினைந்து வயது மாணவி. அவளுக்கு ஒரே வசனம்: “கதவைச் சாத்திவிட்டுப் போ.” அண்ணன் வீட்டை விட்டுப் போகிறான், அவள் சொல்கிறாள். முதல் முயற்சியில் குரலை நடுக்குகிறாள், கண்ணைத் துடைக்கிறாள். வகுப்பு கைதட்டுகிறது.

மோசமாக எழுதப்பட்ட ஆசிரியர் இங்கே, “நான் உன்னை நம்பவில்லை. உன் ஆன்மாவைத் தேடு” என்பார். கேட்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது.

நன்றாக எழுதப்பட்ட ஆசிரியர் இப்படிக் கேட்கலாம்:

“அவன் கையில் என்ன இருக்கிறது?”

“பெட்டி, சார்.”

“எவ்வளவு கனம்?”

அவள் அண்ணனாக நடிக்கும் பையனின் கையைப் பார்க்கிறாள். முதல் முறையாகப் பார்க்கிறாள். “கனமாக இல்லை.”

“அப்படியானால்?”

“அதிகம் எடுத்துப் போகவில்லை.”

“மறுபடியும் செய்.”

இரண்டாம் முயற்சியில் அவள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். திரும்பி வந்துவிடுவானோ என்ற நப்பாசை அந்த மூன்று சொற்களுக்குள் நுழைந்துவிடுகிறது. கண்ணீர் இல்லை, குரல் நடுக்கமும் இல்லை. வகுப்பில் யாரும் கைதட்டவில்லை.

இந்தக் காட்சியில் பார்ப்பவரால் வேறுபாட்டைக் கண்டுகொள்ள முடியும், ஏனென்றால் திருத்தம் பொருளைப் பற்றியது. பெட்டி, கனம், பார்வை எல்லாம் கேமராவுக்குத் தெரிபவை. திருத்தம் எழுதும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் குளோசப்பில் காட்ட முடியுமா? முடியாதென்றால் அது திருத்தம் ஆகாது, அபிப்பிராயம்.

ஆசிரியரின் அறிவும் இங்கேதான் வெளிப்படுகிறது. அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வெட்கப்பட்டிருப்பாள், பெட்டியைப் பார்த்திருக்க மாட்டாள். கண்டதைச் சொல்லாமல் மாணவரைக் காண வைப்பவர் என்று உங்கள் ஆசிரியரை ஒரு முறை நிறுவிவிட்டால், பத்து எபிசோடுக்குப் பிறகு அவர் பொறுமை இழந்து நேராகச் சொல்லிவிடும் ஒரே தருணம் இடி போல இறங்கும்.

இந்தக் காட்சிகளுக்கு அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் உருவாக்கிய நாடக விளையாட்டுகளும் கைகொடுக்கும். கண்ணாடி முன் நிற்பவர் போல ஒருவர் அசைய மற்றவர் அப்படியே பிரதிபலிப்பது, இல்லாத பந்தை எறிந்து பிடிப்பது போன்றவை வசனமில்லாமலே யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டிவிடும். முதலாண்டு மாணவர்களை அறிமுகப்படுத்த இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

நான்காம் படி: வலியைக் கேட்கும் பயிற்சியில் பொறுப்போடு நடப்பது

‘ஃபேம்’ படத்தில் மறக்க முடியாத ஒரு பகுதி, நடிப்பு மாணவர்கள் தங்களுக்கு வலித்த நினைவுகளை வகுப்பின் முன் சொல்வது. மான்ட்கமரி தன் பாலின விருப்பத்தைப் பற்றிப் பேசுகிறான். ரால்ஃப், தன் ஆதர்ச நகைச்சுவை நடிகர் இறந்த செய்தியைப் பற்றிப் பேசுகிறான். நடிப்பும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று உரசும் இடம் அது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் தொடரிலும் அப்படியொன்று வைக்காத எழுத்தாளர் அரிது.

வையுங்கள். ஆனால் அதன் விலை தெரிந்து வையுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கே, பயன்படுத்தும் நினைவுக்குக் குறைந்தது ஏழு ஆண்டு வயதாகியிருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். ஆறாத காயத்தில் கை வைத்தால் நடிகர் அதை ஆள மாட்டார், அது நடிகரை ஆண்டுவிடும். இந்த விதியைப் பதினைந்து வயது மாணவருக்குப் பொருத்திப் பாருங்கள்: எட்டு வயதுக்கு முந்தைய நினைவு மட்டுமே அனுமதி! பெரியவர்களுக்காக உருவான ஒரு முறையைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவதில் இருக்கும் சிக்கல் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. உங்கள் ஆசிரியர் இந்தக் கணக்கைப் போட்டவரா, போடாதவரா? போட்டும் மீறுகிறவரா? அவருடைய குணம் அங்கே தெரியும்.

மாணவரை அழவைத்து, அந்த அழுகையைக் கலையின் வெற்றியாகக் காட்டும் காட்சிகள் எனக்குக் கோபத்தை உண்டாக்குகின்றன. அழுவது நடிப்பாகிவிடாது. பதினான்கு வயதுக் குழந்தையை அழவைக்க எந்தத் திறமையும் வேண்டாம். அதிகாரம் இருந்தால் போதும். திரையில் இதை மேதைமை என்று காட்டும்போது, அதைப் பார்க்கும் உண்மையான ஆசிரியர்களும் மாணவர்களும் அதையே வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு காட்சி கதைக்குத் தேவைப்பட்டால் அதன் மறுநாளையும் எழுதுங்கள்: அந்த மாணவர் வகுப்புக்கு வந்தாரா, யார் பக்கத்தில் உட்கார்ந்தார், உணவு இடைவேளையில் யார் அவரைப் பற்றிப் பேசினார்கள். நினைவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருடையது, சொல்லாமல் இருக்கும் உரிமையும் அவருடையதே. “எனக்குச் சொல்ல வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு வசனத்தைச் சொல்” என்று பணிக்கும் ஆசிரியர் நாடகச் சுவையில் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல. பார்ப்பவர் அந்த ரகசியத்தை ஊகித்துக்கொண்டே இருப்பார்.

ஐந்தாம் படி: தேர்வுக் காட்சி

ஆசிரியரின் அறிமுகத்துக்கு ஆடிஷன் நல்ல இடம். ‘ஃபேம்’ படமே ஆடிஷன்களோடுதான் தொடங்குகிறது. ரால்ஃப் மற்றத் துறைகளில் முட்டி மோதிவிட்டுக் கடைசியில் நடிப்புத் துறைக்கு வந்து சேர்கிறான். தோழிக்குத் துணையாக வந்த லீராய் நடனத்தில் இடம் பிடிக்கிறான், தோழிக்கு இடமில்லை.

‘ஃபேம்’ கதைக்கு உந்துதலாக இருந்த நியூயார்க் பள்ளியின் இன்றைய வாரிசான லகார்டியா பள்ளியில் நடிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிமொழிகளை நடித்துக் காட்ட வேண்டும். இந்த ஏற்பாடு உங்களுக்கு ஒரு வரம். முதல் தனிமொழியை எல்லோரும் நன்றாகத் தயாரித்து வருவார்கள். இரண்டாவது முடிந்ததும், முதலாவதையே வேறு சூழ்நிலையில் செய்யச் சொல்லட்டும் உங்கள் ஆசிரியர்: பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, சத்தம் போடக் கூடாது. மனப்பாடம் செய்து வந்தவர் தடுமாறுவார், கேட்கத் தெரிந்தவர் மாறிக்கொள்வார். ஆசிரியர் யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவர் எதை மதிக்கிறார் என்பதற்கு வாக்குமூலம். தேர்ந்தெடுத்தவரில் ஒருவர் தவறான தேர்வாக இருக்கட்டும், அந்தத் தவறோடு அவர் நான்கு ஆண்டுகள் வாழட்டும்.

ஆறாம் படி: பள்ளி என்ற கட்டடமும் மற்ற ஆசிரியர்களும்

கதைக்கு உந்துதலாக இருந்த உண்மைப் பள்ளி 1948 முதல் மன்ஹாட்டனின் மேற்கு 46ஆம் தெருவில், பிராட்வே அரங்குகளுக்கு நடந்து போகும் தூரத்தில் இயங்கியது. படம் எடுக்க நகரக் கல்வி வாரியம் அங்கே அனுமதி தரவில்லை. 1984இல் அந்தப் பள்ளி, இசைக்கும் ஓவியத்துக்குமான சகோதரப் பள்ளியோடு சேர்ந்து லிங்கன் சென்டர் அருகே புதிய கட்டடத்துக்குப் போனது. கட்டணம் இல்லாத அரசுப் பள்ளி என்பதே இதில் முக்கியமான செய்தி. கலைப் பாடங்களோடு கணக்கும் வரலாறும் ஆங்கிலமும் உண்டு, அவற்றிலும் தேற வேண்டும்.

நடிப்பு ஆசிரியருக்கு எதிர்ப்பு அங்கிருந்துதான் வர வேண்டும். படத்தில் ஆங்கில ஆசிரியை ஷெர்வுட், வாசிக்கச் சிரமப்படும் லீராயோடு மோதுகிறார். தொடரில் கேரல் மேயோ ஜென்கின்ஸ் ஏற்ற எலிசபெத் ஷெர்வுட் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஒத்திகைக்காக மாணவரைக் கேட்கும் நடிப்பு ஆசிரியரும், தேர்வுக்காக அதே மாணவரைக் கேட்கும் ஆங்கில ஆசிரியரும் இருவருமே சரி. இரு தரப்பிலும் நியாயம் இருக்கும் மோதலை எழுதுங்கள். கொடுமைக்கார முதல்வரை எதிரியாக வைப்பது சுலபம், ஆனால் மூன்றாவது எபிசோடிலேயே அலுத்துவிடும்.

ஏழாம் படி: நான்கு ஆண்டுத் திட்டம்

படம் ஆடிஷனில் தொடங்கி நான்கு கல்வி ஆண்டுகளாகப் பிரிந்து போகிறது. தொடருக்கும் அதே எலும்புக்கூடு பொருந்தும். முதலாண்டில் ஆசிரியர் கவனிக்க மட்டும் கற்பிக்கட்டும். தெருவில் ஒருவரின் நடையைப் பார்த்து வந்து நடந்து காட்டுவது போன்ற பயிற்சிகள். இரண்டாம் ஆண்டில் நினைவும், எழுதி வைக்காத வசனத்தை அங்கேயே உருவாக்கி நடிப்பதும். மூன்றாம் ஆண்டில் எழுதப்பட்ட நாடகக் காட்சிகள். கடைசி ஆண்டில் மேடையேற்றம். முதலாண்டில் வந்த ஒரு சின்னப் பயிற்சி கடைசி ஆண்டு மேடையில், யாரும் சுட்டிக்காட்டாமல், மாணவரின் உடலில் திரும்பி வந்தால் தொடரை விடாமல் பார்த்தவருக்கு அது போதும்.

எட்டாம் படி: ஆசிரியர் போய்விட்டால்

மைக்கேல் தோமா 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். தொடர் அவரை வேலையை விட்டுப் போனவராகக் காட்டி நழுவவில்லை. இரண்டாம் சீசனில் கிராண்டலும் கதைக்குள் இறந்தார், மாணவர்கள் துக்கப்பட்டார்கள். அவர் இடத்துக்கு மார்கன் ஸ்டீவன்ஸ் நடித்த இளைஞர் டேவிட் ரியர்டன் வந்தார். உடன் நடித்தவர்களின் உண்மைத் துயரமும் கதையின் துயரமும் ஒன்றாகிப்போன அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் தொடரிலும் ஆசிரியர் மாற வேண்டி வந்தால், புதியவரை வேறு மரபிலிருந்து கொண்டுவாருங்கள். பழையவர் நினைவைக் கேட்டவர் என்றால் புதியவர் சூழ்நிலையைக் கேட்கட்டும். அப்போது மாணவர்களின் எதிர்ப்பு வெறும் பாசத்தால் வந்ததாக இருக்காது. தாங்கள் கற்ற கலையே கேள்விக்குள்ளாகிறது என்ற அச்சமும் அதில் சேரும். பழைய ஆசிரியரைப் புகழ்ந்து யாரும் பேச வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன், யாரும் சொல்லாமலே, மாணவர்கள் பழைய உடற்பயிற்சியைச் செய்யத் தொடங்கட்டும். புதியவர் உள்ளே வந்து பார்க்கிறார். நிறுத்தச் சொல்வாரா, முடியும்வரை காத்திருப்பாரா, தானும் வரிசையில் நிற்பாரா? அந்த ஒரு தேர்விலேயே அவரை எழுதி முடித்துவிடலாம்.

ஒன்பதாம் படி: எழுதியதைச் சோதிப்பது

திரைக்கதை முடிந்ததும் ஆசிரியர் வரும் வகுப்பறைக் காட்சிகளை மட்டும் தனியே எடுத்து, அவருடைய வசனங்களில் பணிப்பதையும் கேட்பதையும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அடியுங்கள். விளக்கம், தத்துவம், பாராட்டு, கண்டனம் அனைத்தும் போகட்டும். மிஞ்சியதை வாசித்துப் பாருங்கள். மாணவர் எங்கே தடுக்கினார், எது மாறியது என்று இன்னும் புரிந்தால் காட்சி நிற்கும். அடித்ததில் எதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதையும் அப்போது முடிவு செய்யலாம். ஒன்றிரண்டு வரிகளைச் சேர்ப்பீர்கள். புரியவில்லை என்றால் வசனத்தைத் தொடாதீர்கள், மூன்றாம் படிக்குத் திரும்பி வேறு பயிற்சியைத் தேடுங்கள்.

கடைசியாக, அந்தப் பக்கங்களை நடிப்பு கற்பிக்கும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பேசுவது இயல்பாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். “இந்த மாணவிக்கு நீங்கள் என்ன பயிற்சி கொடுத்திருப்பீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களுடையதைவிடச் சிறந்ததாக இருந்தால், அவர் அனுமதியோடு அதையே எழுதிக்கொள்ளுங்கள்.